கரிப்பெட்டியும் கரண்ட் பெட்டியும்

அலமாரியில் அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிற வீடுகளிலும், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டை தெருமுனைத் தேய்ப்பு வண்டிக்குத்தான் போகிறது. அலுவலகச் சட்டையை வீட்டிலேயே தேய்த்துக்கொள்கிறவர்கள்கூட நேர்காணல், நிச்சயதார்த்தம் என்று வந்துவிட்டால் வண்டிக்காரரைத் தேடுகிறார்கள். கேட்டால், “வீட்ல எப்படித் தேச்சாலும் அந்த வெறப்பு வர்றதில்ல” என்பார்கள். அது உண்மை. ஆனால் அதற்கு நாம் நினைத்துக்கொள்ளும் காரணம் சரியில்லை. கரி நெருப்பில் சூடு அதிகம், அதனால் சட்டை நன்றாக நிமிர்கிறது என்று நினைக்கிறோம். வீட்டுப் பெட்டியைப் பருத்திக்கான அளவில் திருப்பி வைத்தால் அதன் அடித்தட்டும் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. பருத்திக்கு அதற்கு மேல் சூடு வேண்டியதில்லை. கூடினால் துணி பழுப்பேறும். வண்டிக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சட்டையின் ஈரத்திலும், பெட்டியின் எடையிலும், சட்டை விரிந்து கிடக்கிற பலகையிலும் இருக்கிறது.

ஈரத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் பெரிய விஷயம். பருத்தி நூல் என்பது செல்லுலோஸ். நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, ஹைட்ரஜன் பிணைப்புகள் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. துவைக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. பிழிந்து கொடியில் போட்ட சட்டை எந்தக் கசங்கலோடு காய்கிறதோ அந்தக் கசங்கலிலேயே பிடி மறுபடி இறுகுகிறது. சுருக்கம் விழுவது இப்படித்தான். அதை எடுக்க, பிடியை மறுபடி தளர்த்த வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். பிறகு துணியைத் தட்டையாக அழுத்திப் பிடித்தபடி அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். மொடமொடவென்று காய்ந்த பருத்திச் சட்டையின் மேல் பெட்டியை எத்தனை தடவை ஓட்டினாலும் சுருக்கம் பாதிதான் போகும். மீதி, பளபளக்கிற கோடாக அங்கேயே படிந்துவிடும்.

தேய்ப்பு வண்டிக்காரர்களுக்கு இந்த வேதியியலை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டியின் ஓரத்தில் ஒரு சொம்பிலோ டப்பாவிலோ தண்ணீர் எப்போதும் இருக்கும். ஒரு கை அதில் நனைந்து, சட்டை முழுக்கச் சீராகத் தெளிக்கும். சுத்தப் பருத்தி, அதுவும் கஞ்சி போட்டது என்றால், நாலைந்து சட்டைகளுக்கு மொத்தமாகத் தெளித்துச் சுருட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டு வேறு துணியைத் தேய்க்கப் போவார்கள். அந்தக் காத்திருப்பில்தான் ஈரம் நூலுக்குள் இறங்கி எல்லா இடத்துக்கும் பரவுகிறது. “நல்லா காய விட்டுட்டுக் குடுத்தா எங்களுக்கு ரெண்டு வேலை சார், கொஞ்சம் ஈரம் இருக்கறப்பவே எடுத்துக் குடுங்க” என்று வண்டிக்காரர்கள் சொல்வதுண்டு. வீட்டில் நாம் செய்வதோ இதற்கு நேர் எதிர். சட்டையை ரெண்டு நாள் கொடியில் காயவிட்டு, மடித்துத் துணிக்கூடையில் அமுக்கி வைத்து, அலுவலகம் கிளம்புகிற காலையில் எடுத்து, தண்ணீரே காட்டாமல் பெட்டியை வைக்கிறோம்.

நீராவிப் பெட்டி இந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. கொஞ்சம் தீர்க்கிறது, முழுக்க இல்லை. வீட்டு ஸ்டீம் அயர்ன் நிமிடத்துக்கு 20 கிராம் அளவில் ஆவி விடும். பாலியஸ்டர் கலந்த சட்டைக்கும் கம்பளிக் கால்சட்டைக்கும் அது போதும். பளபளப்பு விழாமல், துணியைச் சுடாமல் வேலை முடியும். தடித்த பருத்தியில் அந்த ஆவி மேலோடு பட்டுத் தாண்டிப் போய்விடுகிறது, நூலின் உள்வரை இறங்க அதற்கு நேரம் இல்லை. வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு, சாதாரண உலர் பெட்டியும் கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் இருப்பது விலை கூடிய நீராவிப் பெட்டி மட்டும் இருப்பதைவிட மேல் என்பது என் தீர்மானமான கருத்து. போர்வெல் தண்ணீர் வருகிற ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உள்ளே படிந்து, ஆவி வரும் துளைகளை அடைக்கிறது. ஒரு நாள் திடீரென்று வெள்ளைத் துகள்களாகச் சட்டையின் மேலேயே கொட்டுகிறது. நீராவிப் பெட்டி வைத்திருப்பவர்கள் குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரையே அதற்கும் ஊற்றுவது நல்லது.

அடுத்தது எடை. பித்தளையிலோ வார்ப்பிரும்பிலோ செய்த கரிப்பெட்டி ஐந்தாறு கிலோ இருக்கும். கரியும் உள்ளே போனால் இன்னும் கூடும். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரு கிலோவைச் சுற்றித்தான். எடை கூடினால் அழுத்தம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டிக்காரர் பெட்டியை அழுத்துவதில்லை, நகர்த்துவதோடு சரி. அழுத்துவதைப் பெட்டியே பார்த்துக்கொள்கிறது. வீட்டில் அந்த அழுத்தத்தை நம் தோளும் மணிக்கட்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எடைக்கு இன்னொரு பயன் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கனமான உலோகம் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் கிடங்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழுக்கைச் சட்டை ஒன்றில் தெளித்த தண்ணீர் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்க மட்டும் சுமார் 113 கிலோஜூல் வெப்பம் செலவாகும். ஆறு கிலோ பித்தளை 50 டிகிரி இறங்கும்போது வெளியே விடுகிற வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவேதான். அதாவது உள்ளே கனல் இல்லாவிட்டாலும்கூட, சூடேறிய கரிப்பெட்டியால் தன் சேமிப்பை வைத்தே ஒரு ஈரச் சட்டையை உலர்த்திவிட முடியும். கனலும் கூட இருப்பதால் அது சளைப்பதே இல்லை. வீட்டுப் பெட்டியின் அடித்தட்டு அலுமினியம். அது ஒரு கிலோ இருக்கிறது என்றே தாராளமாக எடுத்துக்கொண்டாலும் அதே 50 டிகிரி இறக்கத்தில் 45 கிலோஜூல்தான் கிடைக்கும். மிச்சத்தை மின்சாரம் அந்தந்த நொடியில் கொடுக்க வேண்டும். 1000 வாட் பெட்டி நொடிக்கு ஒரு கிலோஜூலுக்கு மேல் தராது. ஈரத் துணியில் வேகமாக ஓட்டினால் தட்டு குளிர்ந்துபோய், டிக் என்ற சத்தத்தோடு விளக்கு எரிந்து, பெட்டி மூச்சு வாங்க நிற்கும். நாமோ அதைக் கவனிக்காமல் ஆறிய தட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்போம். வண்டியில் பார்த்த வேகத்தை வீட்டில் கொண்டுவர முயல்வது இதனால்தான் தோற்கிறது. வீட்டுப் பெட்டியை மெதுவாக, ஒரு பகுதி முழுக்க உலர்ந்த பிறகே அடுத்த பகுதிக்கு நகர்த்த வேண்டும். மிதமான ஈரமே அதற்குத் தோது.

பலகை விஷயம் சுருக்கமானது. வண்டியின் மேல் கட்டைப் பலகை, அதன் மேல் மடித்த கம்பளி அல்லது ஜமக்காளம், அதற்கும் மேல் பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ இழுத்துப் பரப்பியிருக்கும். அகலம் தாராளம், முதுகுப் பக்கம் மொத்தமும் ஒரே விரிப்பில் விழும். மெத்தென்று இருக்கும், ஆனால் அமுங்காது. வீட்டில் பலர் கட்டில் மெத்தை மேல் வைத்துத் தேய்க்கிறார்கள். பெட்டி அழுத்த அழுத்த மெத்தை உள்வாங்குவதால் அழுத்தம் சட்டைக்குப் போய்ச் சேர்வதில்லை. தரையிலோ மேசையிலோ ஒரு கம்பளியை நாலாக மடித்து, மேலே பருத்தி விரிப்புப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கடையில் விற்கும் மடக்குப் பலகைக்கு ஒரே ஒரு உயர்வு உண்டு. அதன் கூரான முனையில் சட்டையின் தோளை மாட்டி விரிக்கலாம். வண்டியில் அந்த வசதி கிடையாது.

சூட்டை அளப்பதில் இரண்டு பெட்டிகளும் முற்றிலும் வேறு வேறு உலகம். 1882-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி மின்சாரத் தேய்ப்புப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லை. பின்னால் வந்த தெர்மோஸ்டாட்தான் வீட்டுப் பெட்டியை எவரும் பயமில்லாமல் கையாளும் பொருளாக்கியது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி வைத்த பட்டை அது. சூடு ஏறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். சட்டையின் உள்பக்கத்துத் துணிச்சீட்டில் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. பெட்டியின் திருகிலும் பெரும்பாலும் அதே புள்ளிகள்.

கரிப்பெட்டிக்குப் புள்ளி ஏது? நனைத்த விரலால் அடித்தட்டைத் தொட்டும் தொடாமலும் தட்டிப் பார்ப்பார்கள். அல்லது நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். சொட்டு அங்கேயே சுருசுருவென்று கொதித்து மறைந்தால் ஒரு சூடு. மணிமணியாக உருண்டு ஓடினால், சொட்டுக்கு அடியில் ஆவிப் படலம் உண்டாகிற அளவுக்குத் தட்டு காய்ந்திருக்கிறது என்று பொருள். அது கிட்டத்தட்ட 200 டிகிரிக்கு மேல். அப்போது முதலில் விரிப்பின் ஓரத்தில் ஒரு ஈரத்துணியின் மேல் ஓட்டி, சூட்டை இறக்கிய பிறகே சட்டையைத் தொடுவார்கள். கனல் மங்கினால் பெட்டியைக் கையில் தூக்கி முன்னும் பின்னும் வீசுவார்கள், பக்கத் துளைகள் வழியே காற்று புகுந்து கரி சிவக்கும். இவ்வளவையும் சட்டைகள் குவிந்து கிடக்கும்போது, நடுரோட்டுச் சத்தத்தில், கைப்பழக்கத்தால் செய்கிறார்கள். இதைத் தொழில்நுட்பத் திறன் என்று அழைக்க நாம் ஏன் தயங்குகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

இந்தத் திறன் சறுக்குகிற இடமும் உண்டு. பாலியஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்பே, 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குறைந்த சூட்டிலேயே அது நிமிர்ந்துவிடும். சூடு கூடினால் பளபளப்பு ஏறும், இன்னும் கூடினால் தட்டில் ஒட்டும். கலப்புத் துணிக்கும் பட்டுச் சட்டைக்கும் வீட்டுத் திருகின் நிதானம் கரிப்பெட்டியில் கிடைக்காது. அனுபவசாலிகள் மேலே ஒரு துணியைப் போட்டுத் தேய்ப்பார்கள், ஆனாலும் தினசரி அலுவலகச் சட்டைகள் கலப்புத் துணியாக இருந்தால் அவற்றுக்கு வீடுதான் சரியான இடம். கரிப்பெட்டியிலிருந்து ஒரு பொறி தெறித்து ஊசிமுனை ஓட்டை விழுவதும், சாம்பல் படிவதும் எப்போதாவது நடக்கிற விஷயங்கள்தான்.

காலரிலும் கைப்பட்டியிலும் வீடு வண்டியை வெல்ல முடியும். இதைச் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. காலருக்குள் விறைப்புக்காக வைக்கிற கேன்வாஸ் இப்போதெல்லாம் பெரும்பாலும் பசையால் ஒட்டியதுதான், அந்தப் பசை சூட்டில் இளகக் கூடியது. அளவுக்கு மீறிய சூடும் அவசர இழுப்பும் சேர்ந்தால் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்புறம் அந்தச் சட்டை அவ்வளவுதான். காலரைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை முதலில் தேய்க்க வேண்டும். இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கித்தான் பெட்டி போக வேண்டும். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் உபரித் துணி முனையில் போய்ச் சேர்ந்து ஒரு சுருக்கமாக நின்றுவிடும், பார்க்கிறவர் கண் முதலில் படுகிற இடம் அது. பிறகு மேல்பக்கம். அதன்பின் தோள் பட்டி, கைப்பட்டிகள், கைகள், முன்பக்கம் இரண்டு, கடைசியில் முதுகு. சின்னதிலிருந்து பெரியதற்குப் போவதன் காரணம் எளிது: முதுகை முதலில் தேய்த்துவிட்டுக் காலருக்குப் போனால், சட்டையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் முதுகு கசங்கும்.

கைப்பட்டியையும் உள்பக்கம் முதலில் தேய்க்க வேண்டும், பட்டனைக் கழற்றி விரித்துப் போட்டு. பட்டன் பட்டிக்கு ஒரு வழி இருக்கிறது, அதை வீட்டில்தான் பொறுமையாகச் செய்ய முடியும். ஒரு துண்டை மடித்து விரித்து, அதன் மேல் பட்டன்கள் அமிழும்படி பட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் சுருக்கம்கூட நிமிரும், பட்டனும் உடையாது. காஜா பட்டிக்கு இது தேவையில்லை, நேராகவே தேய்க்கலாம். வண்டியில் குவிந்து கிடக்கும் துணிகளுக்கு நடுவே ஒரு சட்டைக்கு இவ்வளவு நேரம் கொடுக்க யாராலும் முடியாது. துணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் கையின் விளிம்பில் கத்தி மாதிரி நிற்கும் அந்தக் கோடு, முதுகின் ஒரே சீரான பரப்பு, கஞ்சி போட்ட சட்டையின் சொரசொரப்பில்லாத விறைப்பு, இவை வண்டிக்கே உரியவை. கஞ்சியின் மாவுச்சத்து நூல்களின் மேல் படலமாகப் படிந்து, ஈரத்தோடு சூடுபடும்போது இளகிப் பரவி, உலர்ந்ததும் விறைக்கிறது. அந்தப் படலம் வழவழவென்று அமைய ஒரே ஓட்டத்தில் கனமான தட்டு போக வேண்டும். இலேசான பெட்டி அதில் தடுக்கித் தடுக்கி ஒட்டும். அரிசிக் கஞ்சியில் முக்கி எடுத்த கதர்ச் சட்டையை வீட்டில் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேட்டி சட்டைக்காரர்கள் வண்டியை விடாமல் இருப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இவ்வளவையும் சட்டையின் பக்கம் நின்று சொன்னேன். மனிதர்களின் பக்கம் நின்று பார்த்தால் தராசு வேறு மாதிரி சாய்கிறது. இந்தத் தொழிலைத் தலைமுறைகளாகச் செய்து வருபவர்கள் பெரும்பாலும் வண்ணார் சமூகத்தினர். கிராமத்தில் அறுவடைக்கு ஒரு முறை தானியமும் தினம் வீடு வீடாகச் சோறும்தான் அவர்களுக்குக் கூலியாக இருந்த காலம் ஒன்று உண்டு. நகரத்தில் துணிக்கு இவ்வளவு என்று காசு பேசி வாங்க முடிந்தது பெரிய விடுதலை. வண்டிகளில் கணவனும் மனைவியும் மாறி மாறி நிற்பதைப் பார்க்கலாம். நாள் முழுக்க நின்ற நிலை, முகத்துக்கு நேரே கனல், மேலே வெயில். கரிப் புகையையும் கரியமில வாயுவோடு வரும் கார்பன் மோனாக்சைடையும் சுவாசிப்பது அவர்கள்தான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரியும், கொட்டாங்கச்சிக் கரியும்தான் இந்தப் பெட்டிகளுக்குள் எரிகின்றன. மூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் பாடு தனி.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பள்ளி மாணவியாக இருந்தபோது, இதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தார். அது 2021-ல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று வரை போனது. அதே ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் அவர் பேசினார். இன்னொரு பக்கம், பல தெருக்களில் இப்போது சின்ன கேஸ் சிலிண்டரோடு இணைத்த பெட்டிகள் வந்துவிட்டன. சூடு சீக்கிரம் ஏறுகிறது, சாம்பல் இல்லை, கனம் மட்டும் பழைய கனமே. கரிப்பெட்டியின் நல்ல குணங்களை வைத்துக்கொண்டு அதன் கெட்ட குணத்தை விடுகிற ஏற்பாடு இது. அதனால் கரிப்பெட்டி மறைவதற்காக நான் வருந்தவில்லை. மறையக் கூடாதது அந்தக் கைகளிலிருக்கும் பழக்கமும், அதற்குக் கிடைக்க வேண்டிய கூலியும்.

வீட்டில் செலவாகும் மின்சாரம் பெரிய தொகை இல்லை. 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால்தான் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் அடிக்கடி துண்டிப்பதால் உண்மையில் அதற்கும் குறைவு. எளிதில் கணக்கிட முடியாத செலவு நேரம். பல வீடுகளில் அந்த நேரம் அம்மாவுடையதாகவோ மனைவியுடையதாகவோ இருக்கிறது. சட்டையைப் போட்டுக்கொள்கிறவர் தேய்ப்பதில்லை. “வீட்டில் தேய்த்தால் இலவசம்” என்கிற கணக்கில் இந்த உழைப்பு எழுதப்படுவதே இல்லை. சட்டை யாருடையதோ அவரே தேய்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டால், மேலே சொன்ன காலர், பட்டன் பட்டி நுணுக்கமெல்லாம் தானாகவே கைக்கு வரும்.

தேய்த்து முடித்த பிறகு நடப்பதிலும் ஒரு வேற்றுமை இருக்கிறது. வண்டியில் சட்டையைச் சூட்டோடு மடித்து, மடிப்பின் மேல் ஒரு தடவை பெட்டியை ஏற்றி, மற்றவற்றின் மேல் அடுக்குகிறார்கள். அடுக்கின் கனத்தில் மடிப்புகள் அச்சாகப் பதிந்துவிடும். சட்டையை விரித்தால் மார்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. தேய்த்த சட்டையை உடனே ஹேங்கரில் மாட்டி, காலர் பட்டனையும் அதற்கு அடுத்ததையும் போட்டு, ஐந்து நிமிடமாவது காற்றில் விட்ட பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். சூடும் மிச்ச ஈரமும் போகாத நூலில் பிடி இன்னும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் உடம்பில் மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தால் இடுப்புப் பக்கமும் முழங்கை மடிப்பும் உடனே கசங்கும். வண்டியிலிருந்து வந்த சட்டையாக இருந்தாலும், முதல் நாள் இரவே மடிப்பைப் பிரித்து மாட்டி வைப்பது நல்லது.